ஒரு வரிசைக்கு ஒரு அர்த்தம்

வள்ளியம்மாளின் மரண அறிவிப்புக்குக் கீழே நாற்பத்தொரு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம் இரண்டு, பின்னால் கூப்பிய கை ஒன்று. 😂😂🙏. கிள்ளான் பக்கத்து உறவுக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதையே போட்டிருந்தார்கள். லோகேஸ்வரிக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு அது அழுகிற முகம்தான். கண்ணீரைப் பார்ப்பார்கள், வாயைப் பார்க்க மாட்டார்கள். அவளுடைய அப்பா இறந்த அன்றும் குடும்ப வாட்சப் குழுவில் சித்தப்பா, பெரியம்மா, அத்தைமார் எல்லோரும் வரிசையாக இப்படித்தான் சிரித்து வைத்தார்கள். இளசுகள் அதைப் படம் பிடித்து வேறொரு குழுவில் போட்டு நிஜமாகவே சிரித்தார்கள். அந்த இளசுகளில் லோகேஸ்வரியும் ஒருத்தி.

உறுத்தியது புகைப்படம்தான். மரண அறிவிப்புக்கு எந்தப் படத்தைத் தேடி எடுப்பார்கள் என்பது தெரிந்த விஷயம். அடையாள அட்டைக்காக உதட்டை இறுக்கி, கண்ணை விரித்து எடுத்த ஒன்றுதான் கிடைக்கும். இதிலும் நீலப் பின்னணி இருந்தது, எண்ணெய் வைத்து வாரிய தலை இருந்தது, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி இருந்தது. ஆனால் அறுபத்தொரு வயதுக் கிழவியின் வாய் காதுவரை திறந்து கிடந்தது. மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் தெரிந்தன. இரண்டு கன்னங்களும் நனைந்திருந்தன.

திரையின் மூலையில் பதினொரு வினாடி மிச்சம் இருந்தது. இறந்தவரைக் கேலி செய்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். லோகேஸ்வரி 'பிரச்சினை இல்லை' என்ற பொத்தானை அமுக்கினாள். படம் போய், யாரோ ஒருவரின் அரசியல் வசவு வந்தது.

அவளுடைய வேலையே அதுதான். பெட்டாலிங் ஜெயாவில் ஒன்பதாவது மாடி, ஜன்னல் திறக்காத அறை, பழைய கம்பளத்தின் ஈரவாடையை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றித் தரும் ஏர்கோன். சமூக வலைத்தளங்களில் தமிழில் எழுதியதைப் பற்றி வரும் புகார்களைப் பார்க்க வேண்டும். பிரச்சினை இல்லை, நீக்கு, மேலே அனுப்பு என்ற மூன்றில் ஒன்றை அமுக்க வேண்டும். ஒன்றுக்கு நாற்பது வினாடி. மனிதன் யோசிக்காமல் இருப்பதற்கு அது தாராளமான நேரம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் குழுத் தலைவன் விமலன் அவளிடம் ஒரு பட்டியல் கேட்டான். தமிழர்கள் இந்தச் சின்னப் படங்களைச் சேர்த்துப் போட்டால் என்ன அர்த்தம் என்று ஒரு அட்டவணை. லோகேஸ்வரி இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை எழுதினாள். ரோஜாவும் கூப்பிய கையும் வந்தால் காலை வணக்கம். எலுமிச்சையும் மிளகாயும் வந்தால் கண்பட்டுவிட்டது. பாம்பும் வாயைப் பொத்திய குரங்கும் வந்தால், யாரைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். எண்பத்தேழாவது வரிசையில் இந்த மஞ்சள் முகமும் கையும். அதற்கு மட்டும் இரண்டு அர்த்தம் எழுதினாள். இளையவர்கள் போட்டால் சிரிப்பு. பெரியவர்கள் போட்டால் அழுகை, கெஞ்சல்.

"ஒரு வரிசைக்கு ஒரு அர்த்தம்தான், லோகா," என்றான் விமலன். "சிஸ்டம் ரெண்டு எடுக்காது லா."

"அப்ப எதைப் போடுறது?"

"நம்ம யூசர் எல்லாம் யங். நீங்களே முடிவு பண்ணுங்க. கன்பர்மேஷன் லிஸ்ட், அதான் பெர்மனென்ட் ஆகுறவங்க பேரு, வெள்ளிக்கிழமை மேல போகுது, ஞாபகம் இருக்கட்டும்."

மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் இழுபடுகிறவளுக்கு வேறு என்ன ஞாபகம் இருக்கும்? 'சிரிப்பு. பிரச்சினை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தவறு என்று தெரிந்துதான் போட்டாள். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்தப் புகைப்படத்தின் வாய் மனதைவிட்டுப் போகவில்லை. தேநீர் இடைவேளையில், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். வள்ளியம்மாளின் பெயரைப் போட்டுப் பழைய புகார்களைத் தேடினாள். மூன்று இருந்தன, மூன்றும் அவள் உயிரோடு இருந்தபோது போட்ட பதிவுகள் மேல். எழுத்துத் தட்டத் தெரியாத கை. முதல் நாள் ஒரு வீடு, ஒரு கிழவி, ஒன்று என்ற எண், அப்புறம் 😂😂🙏. இரண்டாம் நாள் மாத்திரை, சிவப்புப் பெருக்கல் குறி, மறுபடி அதே. மூன்றாம் நாள் குளியலறைக் குழாய், தலையில் கட்டுப்போட்ட முகம், மறுபடி அதே. மூன்றுக்கும் யாரோ ஒரு பெண், 'தயவு செய்து இவங்களைப் பாருங்க' என்று புகார் கொடுத்திருந்தாள். மூன்றையும் முடித்துவைத்தது லோகேஸ்வரியின் ஊழியர் எண். முதலாவதுக்குப் பதினான்கு வினாடி. அடுத்ததுக்கு ஒன்பது. கடைசியானதுக்கு ஆறு.

ஆறு வினாடியில் ஒரு கிழவியைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தேடிய பக்கத்தை மூடிவிட்டு அடுத்த புகாரைத் திறந்தாள்.

பதினொன்றரைக்கு விமலன் அவள் மேசைப் பக்கம் வந்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"நான் கெளம்புறேன், லோகா. எங்க மாமா போயிட்டாரு. இப்பதான் போன் வந்துச்சு."

பக்கத்து மேசைப் பெண் அவனைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. விமலனின் பற்கள் தெரிந்தன. கண்ணிலிருந்து நீர் தாடைக்கு வந்து, சட்டைப் பையில் செருகியிருந்த அட்டையின் மேல் சொட்டியது. அவனை வளர்த்த மாமா என்று லோகேஸ்வரிக்குத் தெரியும். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். லிஃப்ட் கதவு மூடியபிறகும் அந்தச் சிரிப்பு சுவருக்குள்ளே கொஞ்ச நேரம் கேட்டது, கீழே கீழே இறங்கி.

பன்னிரண்டே முக்காலுக்கு வாட்சப்பில் புஷ்பவல்லி ஆன்டி எழுதியிருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் லோகேஸ்வரி இருக்கும் ஃப்ளாட்டுக்கு நேர் கீழ்வீட்டுக்காரி. பகலில் லோகேஸ்வரியின் மகள் கவிஷாவைப் பார்த்துக்கொள்கிறவள்.

'பாப்பா இன்னிக்கு செம மூட் மா. சிரிச்சிக்கிட்டே இருக்கா.'

லோகேஸ்வரிக்கு உடம்பே லேசானது. அவளுக்கு என்று இருப்பது கவிஷா ஒருத்திதான். அப்பன்காரன் ஜொகூரில் வேறொரு குடும்பத்துக்கு அப்பனாக இருக்கிறான்; அந்தக் கதை இங்கே வேண்டாம். கவிஷாவுக்கு ஒரு வயது நான்கு மாதம். அவளிடம் இருப்பது இரண்டு சொல்: மா, சூசூ. ஒன்று அம்மா, மற்றது பால். மீதியெல்லாம் அழுகை. பசிக்கு இழுத்து இழுத்து ஒன்று, தூக்கத்துக்கு முனகலாக ஒன்று, காதுவலிக்கு வீலென்று ஒன்று. எந்த அழுகை எதற்கு என்று லோகேஸ்வரிக்குப் பாதித் தூக்கத்தில்கூடத் தெரியும்.

இரண்டு மணிக்கு ஆன்டி ஒரு வீடியோ அனுப்பினாள்.

பாயில் மல்லாந்து கிடந்த கவிஷா சிரித்தாள். மூச்சு வாங்க, முன் பற்கள் நான்கும் தெரிய, கொழுத்த சிரிப்பு. திடீரென்று அடங்கினாள். கூரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கால்களையும் வயிற்றோடு சேர்த்து மடக்கினாள், மறுபடி சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் ஆன்டியும் சேர்ந்து சிரித்தாள். கவிஷா அடங்கினாள். மடக்கினாள். சிரித்தாள். லோகேஸ்வரி நான்கு முறை பார்த்தாள். நான்காவது முறை ஏதோ தோன்றி, திரையில் குழந்தையின் வாய் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள்.

மிஞ்சியது கண்கள்.

அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். காதுவலி வந்த இரவில் பார்த்த கண்கள்.

பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் இறங்கினாள். எல்ஆர்டி ரயிலில் பெட்டி நிறைய ஆள். எதிர் இருக்கையில் பள்ளிச் சீருடையோடு ஒரு மலாய்ப் பெண், யாரும் இல்லாத திசையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்தார்கள். சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. பூக்கடை வரிசைக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது, சக்கரம் இன்னும் சுற்றியது, ஈரத் தாரில் பெட்ரோல் வாடை. ஓட்டிவந்தவர் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய பாதம் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் வானத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஜாலியான ஆளு லா," என்றான் பூக்கடைக்காரன், மாலையைக் கட்டிக்கொண்டே. இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள்.

லோகேஸ்வரிக்கு அப்போது புரிந்துவிட்டது. புரிந்தும் நிற்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள்.

ஃப்ளாட் படிக்கட்டில் கால் வைத்ததுமே மேலிருந்து கேட்டது. இரண்டாவது மாடியிலிருந்து, ஈரச் சுவர்களில் மோதி, குழந்தையின் சிரிப்பு. விட்டு விட்டு. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் அவள் மூச்சும் நின்றது. அது மறுபடி தொடங்கியபோது, கடவுளே, அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"ஏன் மா இவ்ளோ சீக்கிரம்?" புஷ்பவல்லி ஆன்டி கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. "பாருங்க உங்க பொண்ண. காலையில வாந்தி ஒரு தடவ எடுத்தா, அதோட சரி. பன்னெண்டு மணியிலேர்ந்து ஒரே கும்மாளம்."

"ஆன்டி, அவ சிரிக்கல."

"என்னம்மா சொல்றீங்க?"

"அழுறா. வலிக்குது அவளுக்கு."

ஆன்டி குழந்தையைப் பார்த்தாள், லோகேஸ்வரியைப் பார்த்தாள். "வேலை டென்ஷனா மா? உக்காருங்க, மைலோ போடுறேன்."

கவிஷா அம்மாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. உடம்பு வியர்த்துக் குளிர்ந்திருந்தது. வயிறு விறைத்திருந்தது, பலகைபோல. காதுக்குப் பக்கத்தில் 'மா' என்றாள், பின் சிரித்தாள். சிரிப்பின் சூடு கன்னத்தில் பட்டது. பால் வாடையோடு வேறு ஏதோ புளித்த வாடையும் சேர்ந்து வந்தது.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிக்கொண்டே விமலனைக் கூப்பிட்டாள். மறுமுனையில் உறுமி மேளம் அடித்தது. அதற்கு மேல் ஒரு கூட்டமே சிரித்தது, ஆணும் பெண்ணும், அடிவயிற்றிலிருந்து. சாவு வீடு.

"விமலன், எண்பத்தேழாவது வரிசை. சிரிப்புன்னு போட்டது. அதை எடுத்துருங்க."

"எது?" அவனும் சிரித்துக்கொண்டுதான் பேசினான். வார்த்தை மட்டும் உடைந்து உடைந்து வந்தது. "அந்த லிஸ்ட் காலைல ஒம்போதுக்கே லைவ் ஆயிருச்சு லா. எல்லா இடத்துக்கும் போயிருச்சு."

"திருப்பி எடுங்க. அது அழுகை. நான் தப்பா போட்டுட்டேன்."

"இப்பவா? இப்ப மாத்துனா ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பாங்க. ஒரு கிழவி வேற செத்துருக்கு, புகார் குடுத்த பொண்ணு மேல எழுதியிருக்கு. உங்க பேருதான் இருக்கு, லோகா. உங்க கையெழுத்து."

"என் புள்ளைக்கு..."

மேளம் உயர்ந்தது. சிரிப்பு உயர்ந்தது. இணைப்பு அறுந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. மழையில் போன் செயலி நாற்பது நிமிடம் காட்டியது. தெருமுனைக் கிளினிக்குக்கு நடந்தே ஓடினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மருந்து வாடை, ஈரக் குடை வாடை. இரும்பு நாற்காலிகளில் பன்னிரண்டு பேர். துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி சிரித்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கன்னமும் ஈரம்.

கூடத்தில் நிற்கவே முடியவில்லை. எண் சீட்டு எடுக்காமல் டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"ஹாப்பி பேபி!" என்றார் டாக்டர். நடுத்தர வயது, நல்ல மனிதர், தமிழர். "என்ன மா, எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வயித்து வலி, டாக்டர். கால மடக்குறா, நீட்டுறா. மூணு நாலு மணி நேரமா. வாந்தி எடுத்துருக்கா."

காய்ச்சல் பார்த்தார். இல்லை. மேசையில் படுக்கவைத்து வயிற்றில் மெதுவாக விரலை வைத்து அழுத்தினார்.

கவிஷா சிரித்தாள். இதுவரை சிரிக்காத சிரிப்பு. அறை அதிர்ந்தது. முதுகு வில்லாக வளைந்தது.

"ரொம்பக் கூச்சம்," என்றார் டாக்டர். மறுபடி அழுத்தினார். குழந்தையைக் குஷிப்படுத்துகிறவர்போலத் தலையை ஆட்டினார்.

"அழுத்தாதீங்க! கண்ணப் பாருங்க, டாக்டர். கண்ணீர் வருது, பாருங்க."

"ரொம்ப சிரிச்சா கண்ணீர் வரும் மா."

"லெட்டர் குடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர்."

"என்னன்னு எழுதுறது? சிரிக்கிறான்னா?"

லோகேஸ்வரி கத்த வாயைத் திறந்தாள். அவ செத்துருவா, டாக்டர். அதைத்தான் சொல்ல வந்தாள். அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. தொண்டைக்குக் கீழிருந்து, அவளைக் கேட்காமல்.

ஹஹ்.

வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கில் வழிந்தது. ஹஹ். ஹஹ்ஹா. தன் பல்லின் மேல் காற்று படுவதை உணர்ந்தாள். கன்னம் இழுபட்டது. கண் எரிந்தது, வழிந்தது. வார்த்தையைத் தேடினாள். வார்த்தை இருந்தது. செத்துருவா. செத்துருவா. அதைச் சொல்லவும் செய்தாள். சிரிப்போடு சேர்ந்துதான் வந்தது.

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரும் சிரித்தார். "அம்மா மாதிரியே பொண்ணு," என்றார். நர்ஸ் அவள் தோளில் கை வைத்து வெளியே கொண்டுவந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வெளியே மழை. மணி ஐந்து. மடியில் கவிஷா.

சிரிப்பு இறங்கியது. இடைவெளி கூடியது. ஒன்று. வெகுநேரம் கழித்து ஒன்று. சின்னது. பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஆட்டம் போட்டுக் களைச்சிட்டா போல. தூங்கட்டும் மா."

கால் மடங்கவில்லை.

கழுத்தைப் பிடித்திருந்த கை நழுவியது.

கன்னத்தில் இருந்த ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. புதிதாக எதுவும் வரவில்லை. வாய் மட்டும் மூடவில்லை. நான்கு பல்லும் தெரிய, அப்படியே.

லோகேஸ்வரி உலுக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடச் சிரித்தாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பி, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.